பிரோஸ்வால் வீட்டுத் திராட்சை

பிரோஸ்வால் குடும்பம் பதினோரு தலைமுறையாகத் திராட்சை பயிரிட்டு ஒயின் செய்துவருகிறது என்பதைப் பெபின் முதல் நாள் மத்தியானத்துக்குள் ஏழெட்டுத் தடவை கேட்டுவிட்டான். ஜெனரல் மேனேஜர் சொன்னார். வாசலில் நட்ட பலகை சொன்னது. கடைசியில் பதினோராவது தலைமுறையே, ஆர்மான் டி பிரோஸ்வால் என்ற பெயரோடு, வைக்கோல் தொப்பி போட்டுக்கொண்டு நேரில் வந்து சொன்னது.

பெபின் குளச்சல்காரன். துபாயிலிருந்து அல் ஐன் போகும் வழியில், மணலுக்கு நடுவே இருந்த ஒரு சொகுசு ரிசார்ட்டில் ஏசி டெக்னீஷியன். 2006ஆம் வருஷத்தின் கடைசி. அந்தக் காலத்தில் அந்த ஊரில் எதைக் கட்டினாலும் ஆள் வந்து பார்த்தது. கடலில் மண்ணைக் கொட்டித் தீவு செய்தார்கள், கடைத்தெருவுக்குள் பனிமலை செய்தார்கள். எனவே பாலைவனத்தில் பிரெஞ்சுத் திராட்சைத் தோட்டம் என்று ரிசார்ட் அறிவித்தபோது யாரும் சிரிக்கவில்லை. அங்கே ஒயின் செய்ய அனுமதி கிடையாது. செய்யவும் போவதில்லை. கொடிகளைப் பார்த்தபடி உட்கார்ந்து, பிரான்ஸில் செய்த பிரோஸ்வால் ஒயினைக் குடிப்பதுதான் திட்டம். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'அனுபவம்'.

கொடிகளுக்குப் பெரிய கண்ணாடிக்கூடம் எழும்பியது. அதைக் குளிர்விப்பது பெபின் பொறுப்பு. காற்றை மட்டும் குளிர்வித்தால் போதாது, மண்ணுக்கடியில் குழாய் பதித்துக் குளிர்ந்த தண்ணீரும் ஓட வேண்டும் என்று ஆர்மான் கேட்டார். வேர் தான் பிரான்ஸில் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டுமாம். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரங்கள் இரண்டு ஓடின. ஒன்று பழுதானால் மாற்றுவதற்கு உபரியாக ஒன்று, புத்தம் புதிதாக, பாலித்தீன் உறை பிரிக்காமல் நின்றது.

வேலை தொடங்குவதற்கு முன் ஊழியர்களையெல்லாம் சாப்பாட்டுக்கூடத்தில் உட்காரவைத்து ஆர்மான் பேசினார். தன் தோட்டத்தில் ரசாயன உரமோ பூச்சிமருந்தோ ஒரு சொட்டு விழுந்ததில்லை என்றார். தோட்டம் என்பது ஓர் உயிருள்ள உடல் என்றார். கொடி, பசு, தேனீ, மண்புழு, நிலா எல்லாம் அந்த உடலின் உறுப்புகள். எந்த உறுப்புக்கு நோவு வந்தாலும் அது ஒயினில் தெரிந்துவிடும். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. மண்புழுவுக்கு வந்தபோது குரலே உடைந்துவிட்டது.

கடைசி வரிசையில் அழகுமலை உட்கார்ந்திருந்தார். மேலூர்ப் பக்கத்து ஆள், தோட்டவேலை, ஐம்பதைத் தாண்டியவர். ஆங்கிலம் தெரியாததால் பெபின்தான் காதோரமாக மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அழகுமலை, "அப்ப நாமெல்லாம் என்ன உறுப்பு தம்பி? அதையும் கேளு" என்றார்.

பெபின் எழுந்து கேட்டான். நல்ல கேள்வி என்று ஆர்மான் மகிழ்ந்துபோனார். "நீங்கள் கைகள்" என்றார். பிறகு விசா விஷயம் நினைவுக்கு வந்தவராய், "இந்த உடலில் கைகள் மட்டும் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாறும்" என்றும் சேர்த்துக்கொண்டார். ஜெனரல் மேனேஜர் கை தட்டினார்.

மண்ணுக்கு முதல் மருந்து, பசுவின் கொம்பில் சாணியை அடைத்துப் புதைப்பது. குளிர்காலம் முழுக்க மண்ணில் கிடந்து வசந்தத்தில் வெளியே வரும்போது அதற்குள் வானத்துச் சக்தியெல்லாம் இறங்கியிருக்கும். சாணி வாங்கிவரும் வேலை பர்ச்சேஸ் பிரிவின் கலீலுர் ரஹ்மானுக்கு வந்தது. காயல்பட்டினத்துக்காரர், ஐந்து வேளையும் தவறாமல் தொழுகிறவர். ஒயின் பெட்டி இருக்கும் கிடங்குக்குள் கால் வைக்க மாட்டேன் என்று வேலைக்குச் சேரும்போதே சொல்லியிருந்தார். நிர்வாகமும் அவருடைய நம்பிக்கையை மதிப்பதாக எழுதிக்கொடுத்திருந்தது.

"சரக்கத் தொட மாட்டேன்னு சொன்னேன். அதுக்கு மதிப்புக் குடுத்துச் சாணியக் குடுத்துட்டாங்க" என்று அவர் பெபினிடம் சொன்னார்.

அல் ஐன் பால்பண்ணையிலிருந்து ஒரு பிக்கப் நிறையச் சாணி கொண்டுவந்தார். ஆர்மான் ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்துவிட்டுத் தலையை ஆட்டினார். அந்தப் பசுக்களுக்குக் கொம்பை எடுத்துவிட்டிருந்தார்கள். கொம்பில்லாத பசு மானம் இழந்த பசு, அதன் சாணியில் துக்கம் இருக்கிறது என்றார். ஆகவே பிரோஸ்வால் குடும்பத்தின் சொந்தப் பசுவான மார்கரீத்தின் சாணி விமானத்தில் வரவழைக்கப்பட்டது. கார்கோ அலுவலகத்தில் அதிகாரி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, மாடு எங்கே என்று கேட்டார். மாடு பிரான்ஸில் இருக்கிறது, இது மட்டும்தான் வந்திருக்கிறது என்று கலீலுர் ரஹ்மான் விளக்கினார். அதிகாரி பெட்டியை மூடினார். எதற்கு என்று கேட்டார். மருந்து என்றார் இவர். யாருக்கு உடம்பு சரியில்லை என்று அதிகாரி கேட்டார்.

மார்கரீத்தின் சாணி குளிரூட்டிய வேனில் ரிசார்ட்டுக்கு வந்தது. அதன் பின்னாலேயே சைட்டிலிருந்து ஆட்களை ஏற்றிய பஸ் ஜன்னலைத் திறந்துபோட்டுக்கொண்டு வந்தது. அந்த பஸ்ஸில் ஏசி இல்லை. வாசலில் ஆர்மான் ஒரு பூங்கொத்தோடு நின்றார். பஸ்ஸில் இருந்தவர்கள் தங்களுக்கென்று நினைத்துத் தலையைச் சீவிக்கொண்டார்கள். பூங்கொத்து வேனுக்கு.

அதை அடைத்துப் புதைத்த கொம்புகளை வசந்தத்தில் தோண்டி எடுத்தார்கள். உள்ளே இருந்ததை ஒரு பீப்பாய்த் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். ஒரு பக்கமாகச் சுழற்றி நீர்ச்சுழி உண்டாக்கி, உடனே எதிர்ப்பக்கமாகச் சுழற்றி அதை உடைக்க வேண்டும். திரும்பத் திரும்ப இப்படி. மோட்டார் வைத்துத் தருகிறேன் என்று பெபின் சொன்னான். ஆர்மான் துக்கச் செய்தி கேட்டவர்போல் கண்ணை மூடிக்கொண்டார். மோட்டாருக்கு எண்ணம் கிடையாது; நல்ல எண்ணம் உள்ள மனிதன், திறந்த வானத்தின் கீழ், கையால்தான் கலக்க வேண்டும்.

நல்ல எண்ணம் உள்ளவர்களைத் தேர்ந்தெடுக்க ஜெனரல் மேனேஜர் ஒரு கூட்டம் போட்டார். "யாருடைய மனம் சுத்தமானது என்று நிர்வாகத்துக்குத் தெரியும்" என்று அவர் பேசினார். "சாப்பாடு சரியில்லை என்று சொன்னவர்கள், லேபர் ஆபீஸ் பக்கம் போனவர்கள், பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டவர்கள், இவர்களுடைய மனத்தில் கசப்பு இருக்கிறது. அவர்களைத் தண்டிக்க மாட்டோம். ஆனால் பீப்பாய்ப் பக்கம் விட மாட்டோம்." பிறகு வரிசையைப் பார்த்தார். வந்த நாளிலிருந்து தன் வாயால் நிர்வாகத்திடம் எதையுமே கேட்காத ஒரே ஆள் அழகுமலைதான். கலக்கும் கோல் அவர் கைக்கு வந்தது.

மே மாதம் கேம்பில் ஏசி நின்றது.

கேம்ப் என்பது மணல்மேட்டுக்குப் பின்னால், விருந்தினர் கண்ணில் படாத இடத்தில் இருந்த தகரக் கொட்டகைகள். எல்லா அறைக்குமாக ஒரே பெரிய யூனிட். அதன் கம்ப்ரெசர் எரிந்துபோயிற்று. ஆட்கள் தரையில் தண்ணீரை ஊற்றி அதன்மேல் படுத்தார்கள். நனைத்த துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்தார்கள். துண்டு காய்ந்ததும் விழிப்பு வந்துவிடும், மறுபடி நனைப்பார்கள். காலையில் எல்லோருடைய கண்ணும் சிவந்திருக்கும். டெக்னீஷியன் என்பதால் எல்லோரும் பெபினைப் பார்த்தார்கள்.

பெபின் ஜெனரல் மேனேஜரிடம் போனான். கண்ணாடிக்கூடத்துக்கென்று வாங்கிய உபரி சில்லர் சும்மாதான் நிற்கிறது, அதைக் கேம்புக்குப் பொருத்தினால் இரண்டு நாளில் ஓட்டிவிடலாம் என்றான். அவர் பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

"அது கொடிகளுக்கு வாங்கியது. நாளைக்கு ஒரு சில்லர் நின்றுவிட்டால் என்ன செய்வது? திராட்சைக்கு உயிர் இருக்கிறது, பெபின்."

பெபின் திரும்பி வந்தான். அந்த வாரம்தான் கொடியில் மாவுப்பூச்சி தென்பட்டு, அதைத் தின்பதற்காக ஹாலந்திலிருந்து பொறிவண்டுகளை வரவழைத்து, ஒவ்வொன்றாக இலைமேல் இறக்கிவிட்டார்கள். கேம்பில் மூட்டைப்பூச்சிக்கு மருந்தடித்ததும் அதே வாரம்தான். கட்டில், தலையணை, சோற்றுப்பானை எல்லாவற்றின் மேலும் அடித்துவிட்டுப் போனார்கள். ஒரு பையனுக்கு மூன்று நாள் வாந்தி நிற்கவில்லை.

ஜூலை வந்தது. ஜூலை, ஆகஸ்ட் மத்தியானங்களில் யாரையும் வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது அரசாங்க உத்தரவு. ஆர்மானின் வான்நாட்காட்டிப்படி நிலா சரியான இடத்துக்கு வருவதோ உச்சிவெயிலில். ஜெனரல் மேனேஜர் இதையும் யோசித்துத் தீர்த்துவைத்தார். பீப்பாயைக் கலக்குவது வேலை அல்ல, தியானம்.

அன்று கண்ணாடிக்கூடத்துக்குள், முக்கியமான சில விருந்தினருக்காக வெள்ளை ஒயின் புட்டிகளை ஐஸ் வாளிகளில் செருகி மேஜையில் வரிசையாக வைத்திருந்தார்கள். ஆர்மான் அவர்களுக்காகக் காத்திருந்தார். பெபின் உள்ளே வால்வு பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடி வழியே வெளியில் அழகுமலை தெரிந்தார். கோலைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தவர் சுற்றுவதை நிறுத்திவிட்டு, யாரிடமோ பேசுவதுபோல் வாயசைத்தார். அப்புறம் பீப்பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பீப்பாய் சாய்ந்தது. மார்கரீத்தின் சாணித்தண்ணீர் மணலில் ஓடி மறைந்தது. அழகுமலை அதன்மேல் கிடந்தார்.

பெபின் ஓடினான். அவருடைய உடம்பைத் தொட்டதும் கையை எடுத்துக்கொண்டான். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போல் இருந்தது. வேர்வையே இல்லை. கண் மேலே செருகியிருந்தது. சுற்றிலும் அரைக் கிலோமீட்டருக்குக் குளிர்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான். அவரை அக்குளில் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், கண்ணாடிக்கூடத்துக் கதவைக் காலால் உதைத்துத் திறந்து, இரண்டு கொடிவரிசைக்கு நடுவே குளிர்ந்த மண்ணில் கிடத்தினான். பெரிய உடம்பு. ஒரு கொடி முறிந்தது.

ஆர்மான் முறிந்த கொடியின் பக்கத்தில் மண்டியிட்டார்.

ரிசார்ட்டின் கிளினிக்கிலிருந்து நர்ஸ் தேவகனி வந்தாள். அந்தக் கிளினிக் விருந்தினருக்கு மட்டும். ஊழியருக்குத் தலைவலி மாத்திரை கொடுத்ததற்காக ஏற்கெனவே அவளுக்கு ஓர் எச்சரிக்கை வந்திருந்தது. முட்டத்துக்காரி. வந்ததும் அழகுமலையின் சட்டையைக் கிழித்தாள். ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரமாவது ஆகும் என்று பெபின் சொன்னான். அவள் சுற்றிப் பார்த்தாள். மேஜை கண்ணில் பட்டது.

"மக்கா, அந்தக் குப்பியள எல்லாம் எடுத்துட்டு வா. ஐஸயும் தண்ணியயும் இவரு மேல கொட்டு."

பிரோஸ்வால் குடும்பத்தின் பழம்பெரும் ஒயின் புட்டிகளை அவள் ஒவ்வொன்றாக வாங்கி அழகுமலையின் இரண்டு அக்குளிலும், கழுத்தின் இரு பக்கமும், தொடையிடுக்கிலும் செருகினாள். ஆர்மான் அப்போதுதான் கொடியை விட்டுத் திரும்பிப் பார்த்தார். அவர் சொன்னது இதுதான்: "அது எண்பத்தொன்பதாம் வருஷத்துச் சரக்கு. உடம்புச் சூடு பட்டால் அது செத்துவிடும்."

"சாவட்டு" என்றாள் தேவகனி, தமிழில்.

ஜெனரல் மேனேஜரும் வந்து சேர்ந்தார். ஆளை இங்கிருந்து நகர்த்த முடியுமா என்று மெதுவாகக் கேட்டார். விருந்தினர் வரும் நேரம். ஒரு புட்டி சூடேறியதும் தேவகனி அதை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, வாளியிலிருந்து வேறொன்றை வாங்கிச் செருகினாள். அவர் சூடேறிய புட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆம்புலன்ஸ் வரும்வரை அப்படியே நின்றார்.

அழகுமலை பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்தார். அதற்குள் பெபினுக்கும் தேவகனிக்கும் ஆளுக்கொரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. விருந்தினர் பொருளைத் தவறாகப் பயன்படுத்தியது குற்றம். கொடியின் மனநிலையைக் குலைத்தது கூடுதல் குற்றம். கண்ணாடிக்கூடத்து மண்ணில் மனித பயம் கலந்துவிட்டது என்று ஆர்மான் ஒரு அடி ஆழத்துக்கு மண்ணை மாற்றச் சொன்னார். மாற்றினார்கள்.

விளம்பரப் பிரிவுக்காரர்களுக்கு விஷயம் தெரிந்ததும் எல்லாம் தலைகீழாயிற்று. திராட்சைத் தோட்டம் ஒரு மனித உயிரைக் காப்பாற்றியிருக்கிறது, இதை எப்படி யாரும் சொல்லாமல் இருந்தீர்கள் என்று கேட்டார்கள். ஆர்மான் ஒரு நாள் தனியாக உட்கார்ந்து யோசித்தார். மறுநாள், கொடிகள் அந்த மனிதனைத் தங்களிடம் அழைத்ததாகத் தனக்கு அப்போதே தோன்றியது என்றார். அக்குளில் வைத்திருந்த புட்டிகளைத் துடைத்து எடுத்துவைத்தார்கள்; 'உயிர் காத்த புட்டிகள்' என்று திறப்புவிழாவில் ஏலம் விட்டு, வரும் தொகையைத் தேனீக்கள் நலநிதிக்குக் கொடுப்பதாக ஏற்பாடு.

திறப்புவிழாவுக்குள் கொடிகளில் இலை நிறைய வந்திருந்தது. பழம்தான் வரவில்லை. கலீலுர் ரஹ்மான் மார்க்கெட்டுக்குப் போய் எகிப்துத் திராட்சை பெட்டி பெட்டியாக வாங்கிவர, பெபின் பச்சைக் கம்பியால் கொத்துக்கொத்தாகக் கட்டினான். விழாவுக்கு வந்த ஒரு பெரியவர் ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டு, இதில் பாலைவனத்து இரவின் ருசி இருக்கிறது என்றார். ஆர்மான் தலை குனிந்து அதை ஏற்றுக்கொண்டார்.

அழகுமலைக்கு வெள்ளைச் சட்டை போட்டு மேடையில் நிறுத்தியிருந்தார்கள். கையில் ஒரு ஒயின் கோப்பை. ஊழியர் மது தொடக் கூடாது என்பதால் அதில் விம்டோ பழச்சாறு ஊற்றியிருந்தார்கள். நிறம் சரியாக இருந்தது. கொடி தன்னை எப்படிக் காப்பாற்றியது என்று அவர் நாலு வார்த்தை பேச வேண்டும், பெபின் அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். என்ன பேச வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அழகுமலை மைக்கைப் பார்த்தார். அவ்வளவு பேர் அவர் பேசுவதைக் கேட்கக் காத்திருந்தது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"அங்க கொண்டாந்து போட்டாங்க. குளுகுளுன்னு இருந்துச்சு. செடி ஒண்ணும் பண்ணல, இந்தத் தம்பியும் அந்த நர்சம்மாவும்தான் பண்ணுனாக. ரூம்ல ஏசி ஓடி ரெண்டு மூணு மாசமாச்சு. தூங்கி நாளாச்சு. அது ஓடியிருந்தா நான் எதுக்கு விழப்போறேன்? அதச் சொல்லு தம்பி."

பெபின் ஜெனரல் மேனேஜரைப் பார்த்தான். அவர் சிரித்த முகத்தோடு தலையை லேசாக இட வலமாக ஆட்டினார். பெபினுக்கு ஊரில் வீட்டுக்கடனும் தங்கை கல்யாணமும் கண்முன் வந்துபோயின. பிறகு ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னான்.

ஆர்மான் முன்னால் வந்து அழகுமலையின் தோளில் கை வைத்தார். "கேட்டீர்களா?" என்றார். "தன் வீடு கொடுக்காத குளிர்ச்சியை மண் கொடுத்தது என்கிறார். பதினோரு தலைமுறையாக நாங்கள் சொல்ல முயன்றதை இந்த எளிய மனிதர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்."

கைதட்டல் எழுந்தது. சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். முன்வரிசையில் ஒரு அம்மாள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இவர் வசிக்கும் இடத்தைப் பார்க்க முடியுமா, அதுவும் இந்த அனுபவத்தின் ஒரு பகுதிதானே என்று கேட்டாள். பெபின் மேடையை விட்டு இறங்கி வெளியே போனான்.

அம்மாள் கேட்டது வீண்போகவில்லை. அடுத்த வாரமே விருந்தினருக்கு வெள்ளிக்கிழமை காலைகளில் கேம்பைச் சுற்றிக்காட்டும் ஏற்பாடு வந்தது. அதற்காகக் கடைக்கோடி அறை ஒன்றைக் காலி செய்து, சுவருக்கு மண் நிறத்தில் பெயிண்ட் அடித்து, கட்டில்களில் வெள்ளை விரிப்புப் போட்டார்கள். விருந்தினருக்குப் புழுங்கக் கூடாது அல்லவா, அந்த ஓர் அறைக்கு மட்டும் புது ஏசி வந்தது. அதில் யாரும் தங்கக் கூடாது. விருந்தினர் வரும்போது அழகுமலை போய்க் கட்டிலில் உட்கார்ந்திருக்க வேண்டும், போனதும் எழுந்து வந்துவிட வேண்டும். ஏசியைப் போட்டு அணைக்கும் பொறுப்பும் சாவியும் பெபினிடம். பக்கத்து அறைகளில் வழக்கம்போல் தரையில் தண்ணீர் ஊற்றிப் படுத்தார்கள்.

இரண்டாவது வியாழக்கிழமை டூட்டி முடிந்ததும் பெபின் அந்த அறையைத் திறந்து ஏசியைப் போட்டான். கேம்பில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டான். முதலில் யாரும் வரவில்லை. கலீலுர் ரஹ்மான்தான் பாயைச் சுருட்டிக்கொண்டு முதலில் நுழைந்தார். அதன்பின் எல்லோரும் வந்தார்கள். கட்டிலில், கட்டிலுக்கடியில், நடைவழியில், ஒருவர் காலில் இன்னொருவர் தலை வைத்து, இடம் இருந்த இடமெல்லாம் படுத்தார்கள். கொஞ்ச நேரம் பேச்சுக் கேட்டது. பிறகு குறட்டை மட்டும்தான்.

இதற்காகத் தன் வேலை போகும் என்று பெபினுக்குத் தெரியும். போகவும் செய்தது, பிறகு துபாயில் கராமா பகுதியில் ஒரு ஏசி கடையில் சேர்ந்தான். அந்த அறையின் போட்டோ ஒன்று எப்படியோ பத்திரிகைக்குப் போனதால் கேம்புக்குக் கம்ப்ரெசர் வந்ததும் உண்மை. அதெல்லாம் பிறகு நடந்தவை. அந்த வெள்ளிக்கிழமை காலையில் நடந்தது இவ்வளவுதான்.

ஜெனரல் மேனேஜர் கதவைத் திறந்தார். பின்னால் விருந்தினர் கேமராவோடு நின்றார்கள். உள்ளே தரை தெரியவில்லை, முழுக்க மனிதர்கள். வெளியிலிருந்து நெருப்புக்காற்று உள்ளே அடித்தது. கதவோரம் உட்கார்ந்திருந்த பெபினிடம், எல்லோரையும் உடனே எழுந்திருக்கச் சொல் என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். பெபின் தமிழிலும் இந்தியிலும் சொன்னான். யாரும் அசையவில்லை. நடுவில் படுத்திருந்த அழகுமலை மட்டும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"தம்பி, அவரக் கதவச் சாத்தச் சொல்லு. குளிரு வெளிய போவுது."

பெபின் அதை மொழிபெயர்த்துச் சொன்னான். ஜெனரல் மேனேஜர் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். விழாவில் கண்ணைத் துடைத்துக்கொண்ட அம்மாள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, பாவம், அவர் சொல்வது சரிதானே, சாத்துங்கள் என்றாள்.

அவர் கதவைச் சாத்தினார்.